அலுவலகக் கணினியில் உடனடிச் செய்திக்குத் தடை தகுமா?

இப்பகுதிக்குக் கடிதம் எழுதும் அன்பர்களில் மூவர், சென்ற இரண்டு மாதங்களில் ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வங்கியில் பணியாற்றுபவர். ‘எங்கள் அலுவலகக் கணினிகளில் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியாதபடி தடுத்துவிட்டார்கள், ஊரிலிருக்கும் தாயாரின் நலத்தை நான் எவ்வாறு அறிவது?’ என்று கேட்கிறார். மற்றொருவர் இல்லத்தரசி. ‘பகற்பொழுதில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினால் மாலை வரையில் பதில் இல்லை, இது என்ன சிறைவாசமா?’ என்று வருந்துகிறார். மூன்றாமவர் ஒரு ஸ்தாபனத்தின் கணினி வலையைக் கவனிக்கும் பொறுப்பிலிருப்பவர். ‘தடுக்காவிட்டால் மேலிடத்தார் கோபிக்கிறார்கள், தடுத்தால் சக ஊழியர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்யத்தக்கது யாது?’ என்பது அவருடைய வினா.

இதை எழுதுபவன் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். கணினிச் சாஸ்திரம் பயின்றவன் அல்லன். ஆயினும் நாள்தோறும் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்பவன் என்ற முறையிலும், வல்லவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவன் என்ற முறையிலும், மூவருக்கும் சேர்த்து இங்கே விடை கூற முயல்கிறேன்.

முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். தடை வேண்டுமா, வேண்டாமா என்று ஒரே கேள்வியாகக் கேட்பதே குழப்பத்துக்குக் காரணம். தடை செய்பவர்கள் மூன்று காரணங்கள் கூறுகிறார்கள். வலைக்குத் தீங்கு வராமல் காப்பது முதற்காரணம். அலுவலகக் காரியங்கள் பதிவேடு இல்லாமல் நடந்துவிடக் கூடாது என்பது இரண்டாவது. ஊழியரின் கவனம் சிதறக் கூடாது என்பது மூன்றாவது. இம்மூன்றில் முதலாவதற்குப் பூட்டு பொருந்தும். இரண்டாவதற்குப் பூட்டு மட்டும் போதாது. மூன்றாவதற்கோ பூட்டினால் விளையும் பயன் மிகச் சொற்பம். இதனை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தடையின் வரலாறு

கணினி வழியே உடனுக்குடன் எழுதிப் பேசும் வழக்கம் பொதுமக்களிடம் பரவியது 1996-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு மிராபிலிஸ் கம்பெனியார் ‘ஐ.சி.கியூ.’ என்னும் சாதனத்தை வெளியிட்ட பிறகுதான். 1997-இல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனத்தாரும், 1998-இல் யாகூ நிறுவனத்தாரும், 1999-இல் எம்.எஸ்.என். என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் தத்தம் சாதனங்களைக் கொணர்ந்தனர். அலுவலகங்களில் தடை என்னும் பேச்சு எழுந்ததும் அக்காலத்தில்தான்.

அன்று தடுப்பது எளிது என்று எண்ணினார்கள். கணினி வலையில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் ‘போர்ட்’ எனப்படும் ஓர் எண் உண்டு. பெரிய ரயில் நிலையங்களில் இன்ன வண்டிக்கு இன்ன பிளாட்பாரம் என்று ஒதுக்கியிருப்பது போன்றது இது. எம்.எஸ்.என். சாதனத்துக்கு 1863, யாகூவுக்கு 5050, ஏ.ஓ.எல். சாதனத்துக்கு 5190 என்பன அவ்வெண்கள். அலுவலக வலைக்கும் வெளியுலகுக்கும் நடுவே ‘ஃபயர்வால்’ என்னும் காவற்சாதனம் நிற்கிறது. அதனிடம் இவ்வெண்களைக் கொடுத்து, ‘இவற்றின் வழியே எதையும் விடாதே’ என்று கட்டளையிட்டால் காரியம் முடிந்தது என்று கருதினார்கள்.

காரியம் முடியவில்லை. தனக்குரிய பிளாட்பாரம் மூடப்பட்டிருப்பதைக் கண்டதும், அச்சாதனங்கள் சாதாரண இணையப் பக்கங்கள் வந்து போகும் 80 என்னும் எண்ணின் வழியே நுழையத் தொடங்கின. அதையும் மூடினால் இணையமே நின்றுவிடும். அலுவலக வேலையும் நின்றுவிடும். இவ்வாறு பூட்டுவதும் நுழைவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. அச்சாதனங்கள் பின்னர் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏ.ஓ.எல். சாதனம் 2017 டிசம்பரிலும், யாகூவினது 2018 ஜூலையிலும், யாவற்றுக்கும் மூத்ததான ஐ.சி.கியூ. 2024 ஜூனிலும் நிறுத்தப்பட்டன. 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 2015 ஜனவரி முதல் அதனைக் கணினித் திரையிலும் திறக்கலாம் என்றாயிற்று. பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது.

இன்றைய நிலைமை அன்றையதைவிடச் சிக்கலானது. இப்பொழுது இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி 443 என்னும் எண்ணின் வழியே, மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. சரக்கு வாகனை மூடி முத்திரையிட்டு அனுப்புகிறோம் அல்லவா? வழியிலுள்ள எழுத்தருக்கு உள்ளே இருப்பது தெரியாது. வாகனின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்து, சேர வேண்டிய இடம் மட்டும் தெரியும். அதுபோலக் காவற்சாதனத்துக்குச் செய்தி தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற பெயர் மட்டும் பெரும்பாலும் தெரியும். ஆகவே இன்று பெயரைக் கொண்டே தடுக்கிறார்கள். ஊழியர் தாமாக யாதொரு புதிய மென்பொருளையும் கணினியில் நிறுவ முடியாதபடி செய்வது மற்றொரு வழி. குறிப்பிட்ட சில தளங்களுக்கு மட்டும் அனுமதி தந்து, ஏனைய அனைத்தையும் மறுத்துவிடுவது மூன்றாவது வழி. யாவற்றிலும் கடுமையானது இதுவே.

இத்தனையும் செய்த பிறகும் ஊழியரின் சட்டைப் பையில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அது அலுவலக வலையின் பக்கமே வராமல், வெளியிலுள்ள கோபுரத்தோடு நேரே பேசுகிறது. அலுவலக வலையில் எத்தனை பூட்டுப் போட்டாலும் அதனை அவை தீண்டமாட்டா. இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டு மூன்று காரணங்களையும் நிறுத்துப் பார்ப்போம்.

வலையின் பாதுகாப்பு

2005 ஏப்ரலில் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தார் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக நடத்திவந்த உடனடிச் செய்திச் சேவையைத் தாங்களே நிறுத்திவைக்க நேர்ந்தது. ‘கெல்விர்’ என்னும் கணினிப் புழு அதனுள் புகுந்துவிட்டதே காரணம். தெரிந்தவரிடமிருந்து வந்த செய்தியைப் போல ஓர் இணைப்பு வரும். அதைத் தொட்டவுடன் புழு அக்கணினியில் குடியேறி, அவருடைய நண்பர்கள் அனைவருக்கும் அதே இணைப்பை அனுப்பும். உடனடிச் செய்தியின் வேகமே அப்புழுவுக்கு வாகனமாயிற்று. இன்றும் திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயரிட்டுக் கைத்தொலைபேசிகளுக்கு வரும் மோசக் கோப்புகளைப் பற்றிக் காவல்துறையார் எச்சரித்த வண்ணம் இருக்கிறார்கள். தந்திரம் அதேதான், தெரிந்தவர் அனுப்பியது என்ற நம்பிக்கையே அதற்கு முதல்.

இத்தகைய கோப்பு நம் சொந்தத் தொலைபேசியில் இறங்கினால் நஷ்டம் நமக்கு மட்டும். அலுவலகக் கணினியில் இறங்கினால் நஷ்டம் ஊருக்கு. பயணச்சீட்டு முன்பதிவுக்கோ, சரக்குக் கணக்குக்கோ, வங்கிப் பட்டுவாடாவுக்கோ உரிய ஒரு கணினி ஒரு நாள் முடங்கினால் வரிசையில் நிற்பவர்கள் யார்? நம்மைப் போன்ற சாமானியர்களே. ஆதலால் இத்தகைய கணினிகளில் தடை இருப்பது முற்றிலும் நியாயம். வங்கி அன்பர் இதனைத் தம்மேல் கொண்ட ஐயம் என்று எண்ணலாகாது. இஞ்சினுக்குள் பிரயாணிகளை ஏற்றாதது பிரயாணிகளின்மேல் கொண்ட வெறுப்பால் அன்று.

பதிவேடு

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். அலுவலகத்தில் இட்ட உத்தரவு, அளித்த வாக்குறுதி, கூறிய விலை ஆகியவை பின்னால் தேடினால் கிடைக்க வேண்டும். சொந்தத் தொலைபேசியில் எழுதியது கோப்பில் சேராது. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கிக் குழுமத்துக்கு அந்நாட்டின் இரு கண்காணிப்பு ஆணையங்கள் சேர்ந்து 20 கோடி டாலர் அபராதம் விதித்தன. ஊழியர்கள் வியாபார விஷயங்களை வாட்ஸ்அப்பிலும் சொந்தத் தொலைபேசிச் செய்திகளிலும் பேசி, அவற்றைப் பதிவில் வைக்கவில்லை என்பதே குற்றம். அங்கே தடை விதி இல்லாமலில்லை. விதியை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த மேலதிகாரிகளே அதனை மீறியிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மேலும் பல பெரிய நிதி நிறுவனங்கள் இதே குற்றத்துக்காகப் பெருந்தொகை செலுத்தின.

இதிலிருந்து அறிவது யாது? வேலைக்கு விரைவான செய்தி தேவைப்படும்பொழுது, அதற்கென ஒரு நேர்வழி இல்லையேல், மனிதர் குறுக்குவழியை நாடுவர். ஆகவே ஒரு வழியை அடைப்பவர் மற்றொரு வழியைத் திறந்துவைக்க வேண்டும். 2025 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அலுவலகச் சாதனங்களில் வாட்ஸ்அப்பைத் தடை செய்தபொழுது, அதற்குப் பதிலாக எவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் பெயர் சொல்லி அறிவித்தார்கள். நம் நாட்டிலும் தேசிய தகவல் மையத்தார் அரசு ஊழியர்களுக்கென ‘சந்தேஸ்’ என்னும் செய்திச் சாதனத்தை உருவாக்கி, அது 2021 முதல் வழக்கில் இருக்கிறது.

ஆனால் பல அலுவலகங்களில் நடப்பது வேறு. மேலதிகாரியே வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை இரவிலும் அதில் உத்தரவு வருகிறது, ‘பார்த்தீர்களா?’ என்று கேள்வியும் வருகிறது. திங்கட்கிழமை காலையில் அதே வாட்ஸ்அப், கட்டுப்பாட்டுக்கு விரோதமானது என்று கணினியில் தடுக்கப்படுகிறது. ஒரு கையால் அழைத்து மறு கையால் தள்ளும் இம்முறையில் எந்த ஊழியருக்கு விதியின்மேல் மரியாதை பிறக்கும்? அலுவலகச் செய்திக்கு அலுவலகச் சாதனம் என்று வைத்துவிட்டு, பிறகு பூட்டுப் போடுவதே முறை.

கவனம்

மூன்றாவது காரணமாகிய கவனச் சிதறலைப் பற்றி ரயில்வேக்காரன் ஒருவன் அலட்சியமாகப் பேச இயலாது. 2008 செப்டம்பர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவில் சாட்ஸ்வர்த் என்னுமிடத்தில் ஒரு பிரயாணி வண்டி, சிவப்பு விளக்கைக் கடந்து சென்று, எதிரே வந்த சரக்கு வண்டியோடு மோதியது. 25 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். வண்டியை ஓட்டியவர் தம் சொந்தத் தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததால் விளக்கைக் கவனிக்கவில்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. அவர் கடைசிச் செய்தியை அனுப்பியது மோதலுக்கு 22 விநாடிகளுக்கு முன்னர். அவரும் அவ்விபத்தில் மாண்டார். அதற்கடுத்த மாதமே அந்நாட்டு ரயில்வே நிர்வாகத்தார், வண்டி ஓட்டுவோர் பணிநேரத்தில் இத்தகைய சாதனங்களைப் பயன்படுத்தலாகாது என்று அவசர உத்தரவு பிறப்பித்தார்கள்.

எவ்வளவு சிறந்த வலைத்தடை இருந்திருப்பினும் அவ்விபத்தைத் தடுத்திருக்காது. அந்தச் செய்தி அலுவலகக் கம்பியில் செல்லவில்லை. அங்கே வேண்டியிருந்தது, பணியில் இருக்கையில் தொலைபேசியைத் தொடாத கட்டுப்பாடு. மேஜை வேலையில் உயிர்ச்சேதம் இல்லையாயினும், ஓர் இலக்கம் பிசகினால் யாரோ ஒருவருடைய ஓய்வூதியம் மூன்று மாதம் தாமதமாகும். அதனையும் வலைப்பூட்டு தடுக்காது. மேஜையின்கீழ்த் தொலைபேசி இருக்கிறதே! கவனம் என்பது மனத்தின் காரியம். தெளிவான விதியும், இடையில் பத்து நிமிஷ ஓய்வும், வீட்டைப் பற்றிய நிம்மதியுமே கவனத்தைக் காப்பவை.

நிம்மதி என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு நானறிந்த ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன். ஓர் அலுவலகத்தில் கணினியிலும் தடை. கைத்தொலைபேசியையும் வாயிலிலேயே பெட்டியில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். அங்கே பணிபுரிந்த நண்பர் ஒருவரின் தகப்பனார் கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தார். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு முதியவர் வாசற்படியில் மயங்கி விழுந்தார். தங்கை செய்திமேல் செய்தியாக அனுப்பினாள். பத்து முறை அழைத்தாள். பெட்டிக்குள் ஒலித்த தொலைபேசியை யார் கேட்பது? நண்பர் ஆறு மணிக்கு வெளியே வந்து பார்த்தபொழுது, தெற்கே செல்லும் வண்டி புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் வண்டியைப் பிடித்து அவர் ஊர் சேர்ந்தபொழுது தகப்பனாருக்கு உயிர் இருந்தது, பேச்சு நின்றுவிட்டிருந்தது. ‘அண்ணா எப்போ வரான்?’ என்று முதல்நாள் மாலை வரையில் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்த அலுவலகத்தில் ஒரு மேஜைத் தொலைபேசி நாள் முழுவதும் சும்மா இருந்தது. அதன் எண்ணை வீட்டாருக்குத் தர வேண்டும் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

நம் தந்தையார் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. அதன் பெயர் தந்தி. ஊரிலிருந்து தந்தி அலுவலக விலாசத்துக்கு வரும். சேவகர் அதனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆளிடம் வருவார். மேலதிகாரியும் அறிவார்; லீவும் உடனே கிடைக்கும். பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு உடனடிச் செய்தி வந்துவிட்டது என்று நாம் எண்ணினோம். உண்மையில் பாதிதான் வந்தது. தந்தி அலுவலகத்தின் வழியாக ஆளை அடைந்தது. இன்றைய செய்தியோ அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு ஆளை அடைகிறது. ஆகவே அலுவலகம் அதனைத் தடுக்கையில், பழைய சேவகரின் இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. ஊரோடு இருப்பவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஓடிவந்து சொல்வார்; ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நமக்கு யார் சொல்வார்?

மனுநீதிச் சோழனுடைய அரண்மனைக்கும் மதிலும் காவலும் இருந்தன. ஆயினும் வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது. மதிலைக் கட்டியதற்காக அவனை யாரும் குறை கூறவில்லை. மணியைக் கட்டியதற்காக இன்றும் போற்றுகிறோம். அலுவலகத் தடையைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதுவே: பூட்டுப் போடுங்கள், ஆனால் வாயிலில் ஒரு மணியையும் கட்டுங்கள்.

யார் யார் என்ன செய்யலாம்?

வலையைக் காக்கும் அன்பருக்கு: தடையைத் திடீரென்று போடாதீர்கள். எந்தக் கணினிகளில், என்ன காரணத்துக்காக என்று எழுத்தில் அறிவித்துவிட்டுப் போடுங்கள். பொதுமக்கள் காரியம் நடக்கும் கணினிகளில் கடுமையாகவும், ஏனையவற்றில் மிதமாகவும் இருங்கள். உங்கள் மேலிடத்தாரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: மனிதர் ஒருவர் எடுத்துப் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி எண், அதன்வழி வரும் அவசரச் செய்தியை ஐந்து நிமிஷத்தில் உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பு. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பணிபுரியும் அன்பருக்கு: தடையை ஏமாற்ற இலவச வி.பி.என்., புராக்ஸி முதலியவற்றை நாடாதீர்கள். காவலரை ஏமாற்றும் பொருட்டு முன்பின் அறியாத ஒருவர் கையில் பெட்டியைக் கொடுப்பதற்கு அது ஒப்பாகும். அலுவலகக் கணினி அலுவலகத்தின் உடைமை. அதில் தன் சான்றிதழை நிறுவி, முத்திரையைப் பிரித்துப் பார்க்கவும் அலுவலகத்தால் இயலும். குடும்ப விஷயங்களை அதில் எழுதாதிருப்பதே உங்களுக்கும் நல்லது. முன்னொரு நாள் பொதுக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்திருப்பீர்களாயின், இன்றே உங்கள் தொலைபேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைப் பார்த்து, அக்கணினியை விலக்கிவிடுங்கள். இல்லையேல் அடுத்து அமர்பவர் உங்கள் இல்லத்துக் கடிதங்களை வாசிப்பார்.

வீட்டிலிருக்கும் சகோதரிக்கு: உங்கள் கணவரின் அலுவலகத் தொலைபேசி எண்ணை, பிரிவின் பெயரோடு, ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். அதே எண்ணை ஊரிலுள்ள மாமனார் மாமியாருக்கும் உடன்பிறந்தோருக்கும் அனுப்புங்கள். மதிய உணவு வேளையில் ஒரு முறை பேசுவது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘சாப்பிட்டீர்களா?’ என்பதும், ‘அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது’ என்பதும் ஒரே பெட்டியில் ஒரே ஓசையோடு வந்து விழுவதால்தான் அவசரமானது எது என்று தெரியாமற் போகிறது. முன்னதற்குச் செய்தி, பின்னதற்கு அலுவலகத் தொலைபேசி என்று பிரித்துவிட்டால் அவருக்கும் வேலையில் கவனம் நிற்கும், உங்களுக்கும் கலக்கம் குறையும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இவ்விதழைப் படித்து முடித்தவுடன், உங்கள் அலுவலக எண் ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒருவரிடமும் இல்லையெனில் இன்றிரவே கொடுத்துவிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் இத்தகைய ஏற்பாடு ஏதேனும் நல்ல முறையில் நடைபெறுமாயின் எனக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படுமாறு அடுத்த இதழில் வெளியிடுவோம்.